முதல் வரிசை நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் மெக்கானிக்குக்கு விடுமுறை. ஆனாலும் எட்டு மாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் காலையிலேயே போன் செய்து, "இன்னிக்கு எங்க ஆண்டு விழா சார். ஆளாளுக்கு ஏறி இறங்குவாங்க. இன்னிக்குப் பாத்து லிஃப்ட் மக்கர் பண்ணுச்சுன்னா என்னை உயிரோட விடமாட்டாங்க. நீங்க சும்மா வந்து பக்கத்துல நின்னாப் போதும்" என்று கெஞ்சியதும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பழைய நாளாக இருந்தால், "லிஃப்ட்டுக்குக் காவல் நிக்க நான் என்ன வாட்ச்மேனா?" என்று கேட்டிருப்பார். இப்போதெல்லாம் அப்படிக் கேட்பதில்லை. வீட்டை விட்டு வெளியே வரச்சொல்லி யார் கூப்பிட்டாலும் போவது என்று ஆகிவிட்டது.

பதினான்கு மாதங்களுக்கு முன் அவருடைய ஒரே மகள் இறந்துபோயிருந்தாள். இருபத்துநான்கு வயது. திங்கட்கிழமை தலையை வலிக்கிறது என்று படுத்தவள் வெள்ளிக்கிழமை இல்லை. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். வைத்த பெயர் சான்றிதழ்களுக்கு மட்டும்தான். அவள் போனபிறகு வாலு என்ற வார்த்தையை வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. யாரும் என்றால் மிச்சமிருந்த இரண்டு பேர்தான், அவரும் அவர் மனைவியும்.

மனைவி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்கச் சிரிக்க வேண்டிய வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அந்தச் சிரிப்பையும் கழற்றி வாசலிலேயே விட்டுவிடுவாள். "சாப்பிட்டீங்களா", "கேஸ் தீந்துபோச்சு", "நாளைக்குத் தண்ணி வராதாம்." ஒரு நாளைக்கு இந்த மூன்று வாக்கியங்களில் அவர்கள் குடித்தனம் ஓடியது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. சண்டை போடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமல்லவா.

விழா, குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. கார்களையெல்லாம் தெருவுக்கு விரட்டிவிட்டு, மேலே துணிப் பந்தல் போட்டு, பலகை அடுக்கி மேடை கட்டியிருந்தார்கள். சாக்குப்பை ஓட்டத்தில் விழுந்த ஒரு பெரியவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். மெக்கானிக் லிஃப்ட் வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மேலே மோட்டார் ஓடும் சத்தத்திலேயே காதை வைத்திருந்தார். மேடையில் நடந்த எதையும் அவர் கவனிக்கவில்லை.

அப்போதுதான் கூட்டத்துப் பிள்ளைகள், "பட்டாசு! பட்டாசு!" என்று கத்த ஆரம்பித்தார்கள். யாரோ வெடி வைக்கப்போகிறார்கள் என்று பதறி எழுந்தார். வெடி இல்லை, பட்டாசு என்பது ஒரு பட்டப்பெயர். கிட்டாரைத் தோளில் மாட்டிய ஒரு பெண் மேடைப் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். குள்ளம், தாட்டியான உடம்பு. கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. இரண்டு விரல்களில் பிளாஸ்திரி. தன் நெற்றிக்கு மேலே நின்ற மைக்கை அண்ணாந்து பார்த்து, "இதை யாரு, ஒட்டகச்சிவிங்கிக்கு வச்சீங்களா?" என்றாள். கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் கிட்டாரை ஓங்கி அடித்துப் பாடத் தொடங்கிவிட்டாள்.

மூணாம் மாடி முடியவும் இல்ல,
நாலாம் மாடி தொடங்கவும் இல்ல,
நடுவுல நிக்குது நம்ம லிஃப்டு!
மணி அடிச்சா ஆளு வரல,
ஆளு வந்தா கரண்டு வரல,
யாருகிட்ட நான் சொல்லி அழ?

பாட்டு முழுக்க அந்தக் கட்டடத்து லிஃப்ட்டின் வண்டவாளம்தான். காய்கறிப் பையோடு உள்ளே மாட்டிக்கொண்ட மாமியாரும் மருமகளும் வேறு வழியில்லாமல் சமாதானம் ஆனது ஒரு சரணம். கடன் கேட்க வந்தவனும் ஒளிந்துகொள்ள ஓடியவனும் ஒரே கேபினில் சிக்கியது இன்னொரு சரணம். அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் குதித்தாள், வயர் காலில் சுற்றியதை உதறிக்கொண்டே பாடினாள், மூச்சு வாங்கிய இடத்தையும் தாளமாக்கினாள். கைத்தடி ஊன்றி வந்தவர்கள் தடியால் தரையைத் தட்டினார்கள். நடுவில் சங்கச் செயலாளர் எழுந்து நின்று, "மெக்கானிக் இதோ இருக்காரு!" என்று லிஃப்ட் பக்கம் கையைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

மொத்தக் கூட்டமும் திரும்பியது. அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, அவரு இங்கயேதான் இருக்காரா? சார், மன்னிச்சுக்குங்க. ஆனா பாட்டை நிறுத்த மாட்டேன்!"

மெக்கானிக் சிரித்துவிட்டார். வாய்க்குள் அடக்கிய சிரிப்பு இல்லை, வயிறு குலுங்கிய சிரிப்பு. அந்தச் சத்தம் தன்னிடமிருந்துதான் வந்தது என்பது அவருக்கே ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கியது. சட்டென்று திரும்பி, லிஃப்ட் பொத்தானில் ஏதோ கோளாறு பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனார். அவள் தரையில் சம்மணமிட்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் பாட்டுல ஒரு தப்பு இருக்கும்மா."

"எங்க சார்? சுருதியா?"

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும். மணி அடிச்சா இப்ப ஆளு வரும். போன வாரமே சரி பண்ணிட்டேன்."

அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். "அப்ப எனக்கு ஒரு பாட்டு போச்சே!"

"அப்புறம், உன் பொட்டி ம்ம்ம்னு முனகிட்டே இருக்குதே, கவனிச்சியா? எர்த் சரியில்ல. கழட்டட்டுமா?"

பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பத்து நிமிடத்தில் அந்த ஸ்பீக்கர் பெட்டியின் முனகல் நின்றது. அதற்குள் அவளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டார். அடுத்த தெருக்காரி. கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கும் வேலை. நாளெல்லாம் நின்றபடி அட்டைப்பெட்டி தூக்குவதில்தான் விரலில் வெட்டு. ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குச் சமுதாயக் கூடத்தின் பின்கட்டில் பாடுகிறாள். அனுமதி இலவசம். "வாங்க லிஃப்ட் சார். இருபது நாற்காலி போடுவோம். எட்டு நிறையும்."

அடுத்த ஞாயிறு ஒன்பது நிறைந்தது.

அந்தப் பெண்ணுக்கும் வாலுவுக்கும் ஜாடையில் எந்த ஒற்றுமையும் கிடையாது. வாலு நெட்டையாக, ஒல்லியாக இருப்பாள். பாட வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஒரே வயது, அவ்வளவுதான். வயதும், அந்தச் சத்தமும். குளித்துக்கொண்டே போனில் கத்துவது, படியில் தடதடவென்று இறங்குவது, கதவை அறைந்து சாத்திவிட்டு "காத்து!" என்று பழியைப் போடுவது என்று வாலு இருந்தவரை வீடு இரைச்சலாக இருந்தது. பதினான்கு மாதமாக அந்த வீட்டில் குக்கர் விசில் மட்டும்தான் சத்தம். ஞாயிறு ஐந்து மணிக்கு முதல் வரிசையின் ஓர நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்குக் காது நிறைந்தது.

வாரம் தவறாமல் போனார். வெறுங்கையோடு போகவில்லை. ஒரு வாரம், தானே கோத்துச் செய்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மறுவாரம், மைக் ஸ்டாண்டை அவள் உயரத்துக்கு அறுத்துக் கொடுத்தார். பிறகு தொண்டைக்கு மாத்திரை, பிளாஸ்க்கில் வெந்நீர், விரலுக்கு நல்ல பிளாஸ்திரி. "லிஃப்ட் சார், நீங்க எனக்கு மேனேஜரா, நர்ஸா?" என்று அவள் கேலி செய்தாள். அவர் பூரித்துப்போனார். அவள் இருமினால் இவர் நாற்காலி நுனிக்கு வருவார். அவள் உச்சத்துக்குப் போனால் இவர் கண் கலங்கும். மற்ற எட்டுப் பேரும் மேடையைப் பார்ப்பதுபோலவே அவரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். அது அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் அவர் முணுமுணுவென்று பாட ஆரம்பித்திருந்தார். மனைவி ஒருநாள் தட்டை வைத்தபடி கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க போறீங்க?"

சொன்னார். விழாவில் பாடிய பாட்டு, தான் மாட்டிக்கொண்டது, ஸ்பீக்கர் பெட்டி எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை மாதத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்ன வயசு அந்தப் பொண்ணுக்கு?"

"இருபத்தஞ்சு இருக்கும்."

அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

குளிர் தொடங்கியது. பின்கட்டில் காற்று நேராக அடிக்கும். மெல்லிய சட்டையோடு பாடிக்கொண்டிருந்த அந்தப் பெண் இரண்டு பாட்டுக்கு நடுவில் கைகளைத் தேய்த்துக்கொள்வதை அவர் பார்த்தார். வீட்டில், மகளுடைய அறை அலமாரியின் கடைசி இழுப்பறையில், ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் இருந்தது. வாலுவின் மற்றத் துணிகளையெல்லாம் மனைவி எப்போதோ கட்டிக் கொடுத்துவிட்டாள். அது ஒன்று மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வாய் இறுக்கிக் கட்டிக் கிடந்தது. கொடுக்க மறந்திருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். சும்மா கிடந்து வீணாவதற்கு ஒரு உடம்புக்கு உதவட்டும் என்றும் நினைத்தார். மனைவியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்கவில்லை என்பதைப் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

மாதக்கணக்கில் கட்டிக்கிடந்த துணியை அப்படியே கொடுப்பது மரியாதை இல்லையே என்று சலவைக் கடையில் போட்டு, வெளுத்து, இஸ்திரி போட்டு வாங்கினார்.

"புதுசா சார்?"

"இல்லம்மா. வீட்ல சும்மா கிடந்துச்சு."

அவள் உடனே போட்டுக்கொண்டாள். கை நீளமாக இருந்தது. மடித்துவிட்டுக்கொண்டு, "சூப்பரா இருக்கு!" என்று ஒரு சுற்றுச் சுற்றினாள். மெக்கானிக் அன்று இரண்டு பஸ் நிறுத்தம் தாண்டி இறங்கி, நடந்தே வீடு வந்தார்.

அந்த நிறைவில்தான் அவருக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று தோன்றியது. தனக்குக் கிடைத்தது அவளுக்கும் கிடைக்கட்டுமே. வாரம் பூராவும் நச்சரித்தார். "ஒரே ஒரு தடவை வந்து பாரு. பிடிக்கலன்னா எழுந்து வந்துடலாம்." சனிக்கிழமை அவள் சரி என்றாள். ஞாயிறு மதியமே தலை வாரி, விழாவுக்குப் போவதுபோல நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கண்ணாடி முன்னால் அவள் நிற்பதை அவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர் விஷயம் அவர் ஞாபகத்திலேயே இல்லை. இருந்திருந்தால் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாரா?

முதல் வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். "லிஃப்ட் சார், ஆன்ட்டியா? வாங்க வாங்க!" என்று கத்திக்கொண்டே அந்தப் பெண் ஓடிவந்து மைக் முன்னால் நின்றாள். உடம்பில் மஞ்சள் ஸ்வெட்டர்.

மனைவி அசையவில்லை. முதல் பாட்டு முழுக்க அவள் கண் பாடகியின் முகத்துக்குப் போகவே இல்லை. இடது கை மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒருமுறை தையல் பிரிந்து, வீட்டில் மஞ்சள் நூல் இல்லாமல் பச்சை நூலால் அவள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள். "யாரும்மா பச்சைல தைப்பாங்க?" என்று வாலு ஒரு வாரம் மானத்தை வாங்கினாள்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் மனைவி எழுந்து முன்னால் போனாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, மடிப்பை விரித்து, பச்சை நூலை விரலால் தொட்டாள்.

"இது யாரும்மா குடுத்தாங்க உனக்கு?"

அந்தப் பெண் மெக்கானிக்கைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தாள். ஸ்வெட்டரைக் கழற்றி, நிதானமாக மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

மனைவி வாங்கி முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றாள். திரும்பக் கழுத்துப் பக்கத்தைப் பிரித்து இழுத்தாள். பிறகு அக்குள் பக்கம். பதற்றத்தோடு, தொலைத்ததைத் தேடுகிறவளைப்போல.

"துவைச்சீங்களா?" என்று கணவரைக் கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

"துவைச்சிட்டீங்களா?"

"அழுக்கா இருந்துச்சேன்னு..."

"அவ வாசனை இருந்துச்சுங்க இதுல." அவள் குரலே எழும்பவில்லை. "நீங்க வேலைக்குப் போனதுக்கு அப்புறம் தினமும் ஒரு தடவை திறப்பேன். ஒரே ஒரு தடவை. தீந்துபோயிடக் கூடாதுன்னு உடனே கட்டிடுவேன். இப்ப சோப்பு வாசனைதான் வருது."

ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே போனாள். அவர் பின்னாலேயே ஓடினார். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தும் அவர் உட்காரத் துணியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

அந்த வாரம் முழுக்க மூன்று வாக்கியங்களும் நின்றுபோயின. அடுத்த ஞாயிறு, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான்கு மணிக்கே சமுதாயக் கூடத்துக்குப் போனார். அந்தப் பெண் நாற்காலிகளை விரித்துப்போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையிலிருந்ததை விரிக்காமல் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"உக்காருங்க சார். நானே உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன்."

"என் மேலதான் தப்பும்மா. உன்னைச் சங்கடப்படுத்திட்டேன்."

"உங்க பொண்ணு விஷயம் செயலாளர் சொன்னாரு. எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்." பென்சிலை உருவிக் கொண்டையைத் திரும்ப முடிந்துகொண்டாள். "ஆனா ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது. நீங்க இனிமே வரவேணாம்."

அவர் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"நீங்க முன்னாடி உக்காந்தா எனக்குப் பாட வரல சார். ரெண்டு மாசமாவே அப்படித்தான். நான் இருமினா பயப்படுறீங்க. நல்லா பாடினா அழறீங்க. தப்பாப் பாடினாலும் அழறீங்க. எதுக்கு அழறீங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

"நீ பாடுறது எனக்குப் பிடிக்கும்மா. அவ்வளவுதான்."

"அப்படியா? என் பாட்டுல ஒண்ணு சொல்லுங்க பாப்போம். லிஃப்ட் பாட்டு வேணாம், அது உங்க பாட்டு. வேற எதாவது."

அவர் யோசித்தார். பன்னிரண்டு ஞாயிறு. வாரத்துக்கு ஏழெட்டுப் பாட்டு. ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அவள் தோளைக் குலுக்குவது நினைவிருந்தது. தலையைச் சாய்த்துச் சிரிப்பது, தண்ணீர் குடிக்கும்போது புறங்கையால் வாயைத் துடைப்பது, காலால் தாளம் போடுவது, எல்லாம் அச்சடித்ததுபோல் இருந்தன. பாட்டு மட்டும் இல்லை.

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாளவில்லை. "பாத்தீங்களா? நீங்க என்னைக் கேக்கவே இல்ல சார். நான் நாள் பூரா பெட்டி தூக்கிட்டு, இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் உயிரை வச்சுட்டிருக்கேன். இங்கயும் நான் இன்னொருத்தரா இருக்கணுமா? என்னால முடியாது."

"சரி வாலு" என்றார்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பதினேழு மாதத்தில் முதல் தடவை. அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது, ஆனால் அவள் பக்கத்தில் வரவில்லை. அவர் எழுந்து, பையிலிருந்த பிளாஸ்க்கை எடுத்து அங்கே வைப்பதா வேண்டாமா என்று தடுமாறி, திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினார். அதன் பிறகு அவர் அங்கே போகவில்லை. எட்டு மாடிக் குடியிருப்பின் லிஃப்ட்டைக்கூட வேறு மெக்கானிக்கிடம் மாற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய தங்கை மூன்று மணி நேரப் பயணத்தில், வேறு ஊரில் இருந்தாள்.

"ஸ்வெட்டருக்காகவா?" என்று கேட்டார்.

"அதுக்காக மட்டும்னா நாலு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன்." அவள் ஒரு புடவையை மடித்தாள். "அன்னிக்கு அந்தப் பொண்ணு ஓடி வந்துச்சுல்ல, அப்ப உங்க முகத்தைப் பாத்தேன். அப்படியே பழைய முகம். ஒண்ணரை வருஷமா நானும் இந்த வீட்லதான இருக்கேன்? எனக்கு ஒரு நாள்கூட அந்த முகத்தைக் காட்டலையே நீங்க. எங்கயோ வச்சிருந்து யாருக்கோ கொண்டுபோய்க் குடுத்துட்டீங்களே."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போய் ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

தனியாக ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள் மதியம், ஒரு அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"கேஸ் புக் பண்ணீங்களா?"

"பண்ணிட்டேன்."

"சரி." வைக்கப்போகிறாள் என்று தெரிந்தது. அவர் சட்டென்று கேட்டார்.

"வாலுவுக்குப் புருவத்துல ஒரு தழும்பு இருக்குமே, அது எப்படி வந்துச்சு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"மறந்துபோச்சு."

மறக்கவில்லை. அவள் சொல்லிக் கேட்க வேண்டும் என்றிருந்தது. அவளுக்கும் அவர் மறக்கவில்லை என்று தெரிந்திருக்கும். ஆனாலும் சொன்னாள். நாலு வயதில், அப்பாவைப்போல லிஃப்ட் ரிப்பேர் செய்கிறேன் என்று பீரோவுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஆறாம் மாடி வந்துவிட்டது என்று தலையை நீட்டி வெளியே விழுந்தது. மூன்று தையல். டாக்டரிடம் "ஏழாம் மாடி போகணும், சீக்கிரம் தைங்க" என்றது. சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் சிரித்து, சிரிப்பிலேயே உடைந்துபோனாள். அவரும் மோட்டார் அறையில் எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்தார். இருவரும் ஒரே சமயத்தில் அழுதது அதுதான் முதல் தடவை. நடுவில் மூன்று மணி நேரத் தூரம் இருந்தது.

அதன் பிறகு தினமும் மதியம் பேசினார்கள். ஒருநாள் வாலு பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டது, ஒருநாள் அந்த நான்கு நாள் காய்ச்சல். யார் முதலில் டாக்டரிடம் போகலாம் என்றது, யார் நாளைக்குப் பார்க்கலாம் என்றது என்பதைக்கூட ஒருநாள் பேசிவிட்டார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றது அவர். "ஒரு நாள் முன்னாடி போயிருந்தாலும் அதே கதிதான்னு டாக்டர் என்கிட்ட சொன்னாரு" என்றாள் மனைவி. "இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். "நீங்க கேக்கலையே" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, திரும்பி வந்துவிடேன் என்று கேட்டார்.

"இங்க இருந்தாத்தான் பேச வருதுங்க. அங்க வந்தா உங்க முகத்தைப் பாக்கணும். அதுல அவ மூக்கு இருக்கு."

ஒரு ஞாயிறு அவரே கிளம்பிப் போனார். மைத்துனி டீ கொடுத்துவிட்டு நாசூக்காகக் கடைக்குப் போய்விட்டாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மனைவி இளைத்திருந்தாள். அங்கேயே ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "சாப்பிட்டீங்களா" என்றாள். "ஆச்சு" என்றார். அவள் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் இருந்திருப்பார். மூக்கைக் கையால் மறைத்துக்கொண்டு பேசிப்பார்க்கலாமா என்றுகூட ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. சொன்னால் அவள் சிரித்திருப்பாளோ என்னவோ. சொல்லவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே எழுந்துகொண்டார்.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டும்போது போன் அடித்தது.

"வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டீங்களா?"

"இப்பத்தான பஸ் ஏறினேன்."

"உக்கார இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"சரி" என்றாள் மனைவி. அவள் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "இப்பச் சொல்லுங்க. வந்ததுலேர்ந்து ஏதோ சொல்லணும்னு இருந்தீங்களே, என்ன அது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்தார்.